கம்பெனி போனாப் போகட்டும், கூரை ஒழுகுதா பாரு

ஏஞ் சாமி மாப்ள, நீ வாட்ஸப்புல அனுப்பிச்ச படமெல்லாம் பார்த்தேன். 36 அடி நீளத்துல வண்டி. உள்ளுக்குள்ள கட்டில், சோபா, அடுப்பு, பிரிட்ஜு, டிவி, கக்கூசு. உங்கத்தை எட்டிப் பார்த்துட்டு, "இதுக்குள்ளயே குடியிருக்கலாமாட்ட இருக்குதுங்க"ன்னா. குடியிருக்கத்தான் வேணும். லிட்டருக்கு மூணு கிலோமீட்டர் குடுத்தாலே பெருசு. ஓட்டறதை விட நிறுத்திக் குடியிருக்கறது மலிவு.

நீ கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "மாமா, இந்த வண்டியைக் கட்டின கம்பெனியை மூடப்போறாங்கன்னு பேச்சு அடிபடுது. செகண்ட் ஹேண்ட்ல வாங்கலாமா?" டெக்சாஸ்ல உட்கார்ந்து கம்ப்யூட்டர்ல சோறு திங்கறவன், கரூர்ல பஸ்சுக்குப் பாடி கட்டித் தலை நரைச்சவனைக் கேட்கறே பாரு, அங்கதான் நீ எங்கக்கா மவன்.

கம்பெனி மூடினா உனக்கு என்ன போச்சு? வாரண்டியா? புது வண்டிக்கே அவன் குடுக்கறது ஒரு வருசம், மிஞ்சினா ரெண்டு மூணு வருசம். அதுவும் பெரும்பாலும் மொத ஆளோட சரி. நீ பார்க்கற வண்டிக்கு வயசு ஒம்பது. இல்லாத வாரண்டி போயிருமேன்னு ராத்திரியெல்லாம் பொரண்டு படுத்திருக்கே. நல்ல தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டே போ.

ரெண்டாவது, அந்த வண்டியில கம்பெனிக்காரன் செஞ்சது எத்தனைன்னு எண்ணிப் பார்த்தியா? நம்மூர்ல எப்படி? லேலண்டுக்காரன் சேசிஸை மட்டும் குடுப்பான். தலைக்கு மேல கூரை இல்லாம, மூஞ்சியில துண்டைச் சுத்திக்கிட்டு டிரைவர் அதை வெறும் எலும்புக்கூடாவே கரூருக்கு ஓட்டியாருவான். பாடி கட்டறது எங்க பட்டறை. பட்டறையை மூடினா இஞ்சின் நின்னு போவுமா? நீ பார்க்கற வண்டியும் அதே கணக்குத்தான். பெட்ரோல் வண்டின்னா கீழ இருக்கறது அனேகமா ஃபோர்டு எஃப்-53. இஞ்சின் பின்னால இருக்கற டீசல் வண்டின்னா ஃபிரைட்லைனர் சேசிஸ், கம்மின்ஸ் இஞ்சின், அல்லிசன் கியர்பாக்ஸ். ஜெனரேட்டர் ஓனன், அதுவும் கம்மின்ஸ்காரனுதே. பிரிட்ஜு டோமெட்டிக்கோ நோர்கோல்டோ. கம்பெனிக்காரன் பலகையையும் ஃபைபரையும் ஒட்டி, பக்கவாட்டுல பறக்கறாப்புல ஒரு கோடு இழுத்து, பேரு எழுதினான். அந்தப் பேருக்குத்தான் நீ இப்ப அழுவறே.

இது மொத சாவும் இல்லை. 2008ல பெட்ரோல் காலன் நாலு டாலரைத் தாண்டிச்சு, அப்பறம் பேங்குக்காரன் கடனை நிறுத்தினான். சொந்தக் காசுல ஆரு இதை வாங்குவா? 2009 மார்ச்சுல மொனாக்கோ, ஃபிளீட்வுட்னு இதே மாதிரி வண்டி கட்டின ரெண்டு கம்பெனியும் ஒரே வாரத்துக்குள்ள திவால் மனு போட்டுருச்சு. ரெண்டும் சில்லறைக் கம்பெனி இல்லை. மொனாக்கோவை நேவிஸ்டார்காரன் வாங்கினான், ஃபிளீட்வுட் வேற கைக்குப் போச்சு, அப்பறம் சுத்திச் சுத்தி ரெண்டு பேரும் ஒரே மொதலாளிகிட்டப் போய்ச் சேர்ந்தாச்சு. அத்தனை வருசம் கடை வாசல்ல முறைச்சுக்கிட்டு நின்னவனுக. திவாலான கம்பெனியை வாங்கறவன் பேரையும் பேக்டரியையும் வாங்குவான், பழைய வாக்கையெல்லாம் வாங்க மாட்டான். அந்த வருசம் புதுசா வாங்கி வாசல்ல நிறுத்தினவன் வவுறுதான் எரிஞ்சுது. பழசு வாங்கினவன் ஊரு சுத்திக்கிட்டு இருந்தான்.

அதுக்காக ஒண்ணுமே போகாதுன்னு மார் தட்டாதே. சேசிஸ்காரனும் சாவறதுண்டு. வொர்க்ஹார்ஸ்னு ஒருத்தன் நல்ல சேசிஸ்தான் போட்டான், 2012ல தயாரிப்பை நிறுத்திட்டானுக. அதனால கதவுப்பக்கம் ஒட்டியிருக்கற தகட்டைப் படி, கீழ இருக்கறது ஆரோடதுன்னு பாரு.

நெசமாவே மாட்டறது பாடியில அவனே வார்த்த சாமான். முன்கண்ணாடி ஒண்ணு போதும். அந்த அகலத்துக்கு, அந்த வளைவுக்கு, நீ பார்க்கற மாடலுக்குன்னே வார்த்திருப்பான். ஒரு கல்லு தெறிச்சாப் போச்சு, மிசூரிப் பக்கம் பழைய வண்டி ஒடைக்கற யார்டு யார்டா போன் பண்ணோணும். முன் மூஞ்சி, பின் மூஞ்சி ஃபைபரும் அப்படித்தான். வயரிங்கு அதை விட மோசம். 12 வோல்ட் ஒரு பக்கம், 120 வோல்ட் ஒரு பக்கம், எந்த ஒயரு எந்தப் பலகைக்குப் பின்னால பூந்து வருதுன்னு கட்டினவனுக்குத்தான் தெரியும். அதனால ஒரு காரியம் பண்ணு. கம்பெனியில போன் அடிச்சா எடுக்கறதுக்கு ஆளு இருக்கறப்பவே வண்டி நம்பரைச் சொல்லி வயரிங் படம், கண்ணாடி பார்ட் நம்பரு, சாமான் பட்டியல் எல்லாம் கேட்டு வாங்கி வெச்சுக்கோ. வேலை போவப்போற பையன் மொகம் சுளிக்காம அனுப்புவான். அவனுக்கு இனி மேனேஜர் பயம் கிடையாது.

இப்ப முக்கியமான சமாச்சாரம். ஏணியில ஏறி கூரையைப் பார்த்தியா? பார்க்கலை. எனக்குத் தெரியும். நீ அனுப்பிச்ச படத்துல சோபா நாலு கோணத்துல இருக்குது, கூரை ஒண்ணுலயும் இல்லை. மேல ரப்பர் விரிச்சு, ஏசிக்கும் காத்தாடிக்கும் ஓட்டை போட்டு, சுத்தி பசை அப்பியிருப்பான். அந்தப் பசை வெயில்ல வெடிக்கும். டெக்சாஸ் வெயிலைச் சொல்லவே வேண்டாம். தண்ணி உள்ள எறங்கினா வெளிய தெரியாது, பொட்டாட்டச் செவுத்துக்குள்ள பலகையைத் தின்னும். வெளிச் செவுத்துல வெயில் சாய்வா விழறப்பப் பாரு. உப்பல் இருந்தா உள்ளங்கையை வெச்சு அமுத்து. அமுங்குதா, ஒட்டினது விட்டுப்போச்சு, சாவியைக் குடுத்துட்டு நடையைக் கட்டு. கட்டிலுக்கு அடியில, அலமாரி மூலையில மூக்கை வெச்சு மோந்து பாரு. பூஞ்சை வாசம் வந்தா விக்கறவன் ஊதுவத்தி கொளுத்தியிருப்பான். ஊதுவத்தி வாசம் வந்தாலும் கிளம்பிரு.

டயரு கட்டை பளபளன்னு இருக்கும், ஏமாறாதே. நின்னே கெட்டுப்போற டயரு அது. பக்கத்துல டி.ஓ.டி.ன்னு எழுதி, கடைசியில நாலு எண்ணு இருக்கும். 2317ன்னா 2017ல 23வது வாரம் பொறந்ததுன்னு அர்த்தம். ஏழு வயசைத் தாண்டியிருந்தா டயரு காசை வெலையில கழிச்சுப்போடு. தள்ளி விரியற செவுத்தையெல்லாம் விரிச்சு மடக்கிக் காட்டச் சொல்லு. ஏசியைப் போட்டு ஜெனரேட்டரை அரை மணி ஓட விடு.

வெலை பேசறப்ப மட்டும் கம்பெனி மூடற சேதியை எடு. மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கோ. "கம்பெனியே இருக்காதாமே, நாளைக்கு ஒரு தாழ்ப்பாள் போனா நான் எங்க போவேன்?"னு இழுத்துச் சொல்லு. நீ இத்தனை நாள் பட்ட பயத்தை அவனுக்கு மாத்தி விடு. வெலை தானா எறங்கும். வேற ஒருத்தன் வந்து "எக்ஸ்டெண்டட் வாரண்டி"னு புஸ்தகம் நீட்டுவான். மொதலாளியே நிக்கலை, அவன் நிப்பானான்னு சிரிச்சுட்டு நகரு. பேங்குக்காரன் 15 வருசம், 20 வருசம்னு கடன் நீட்டுவான். அதையும் தொடாதே, கம்பெனி செத்தாலும் கடன் சாவாது.

ஒண்ணு மறந்துட்டேன். கக்கூசு தொட்டியை நீதான் கொழாய் மாட்டித் தொறந்து விடோணும். சின்ன வயசுல பொடக்காலிக்கு ஒரு வாளி தண்ணி கொண்டு போடான்னா ஓடிப் போனவன் நீ. டெக்சாஸ்ல உனக்கு ஆரு செய்வா? எங்கக்கா மருமவளா?

சனிக்கெழமை ஏணியோட போ. கூரையைப் பார்த்துட்டு எனக்குப் போன் போடு, என்ன நேரமானாலும் எடுப்பேன். அட்வான்ஸ் குடுத்துட்டுப் போடாதே.