மாத்திரைக் கணக்கில் வராத மாத்திரை

கோட்டக்குப்பத்தில் வயதானவர்களிடம் உடம்பைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். "எங்க காலத்துல மாத்திரை ஏது, மருந்து ஏது? கஞ்சியும் கருவாடும்தான்." சொல்கிறவருக்கு எண்பது வயது இருக்கும், நேராக நடப்பார். கேட்கிறவனுக்கு அறுபது, இடுப்பில் பெல்ட் கட்டியிருப்பான். அப்புறம் எங்கே மறுத்துப் பேசுவது?

எனக்கு மட்டும் அந்த உரிமை கொஞ்சம் உண்டு. எங்கள் அத்தா மளிகைக் கடை வைத்திருந்தார். எழுபதுகளில் பள்ளிக்கூடம் விட்டதும் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மருந்தே அறியாத அந்தத் தலைமுறை என்னென்ன வாங்கிக்கொண்டு போனது என்று கண்ணால் பார்த்தவன் நான்.

கல்லா மேல் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். அதற்குள் அனாசின், ஆஸ்ப்ரோ, சாரிடான். பாட்டிலின் கழுத்தில் சணல் கயிறு, கயிற்றில் கத்தரிக்கோல். யாரும் முழு அட்டை வாங்க மாட்டார்கள். ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. அத்தா அட்டையை வெட்டுவதில் ஒரு முறை வைத்திருந்தார்: காலாவதித் தேதி அச்சடித்த மூலை கடைசிவரை பாட்டிலிலேயே இருக்கும். அது யார் பங்குக்கு வருகிறதோ அவருக்குத்தான் தேதி தெரியும். மற்றவர்களுக்குப் பெயரே பாதிதான் கிடைக்கும். ஒருவர் "சாரி" கொண்டுபோவார், அடுத்தவர் "டான்" கொண்டுபோவார். வலை இழுத்த தோளுக்கு ஒன்று, கல்யாண வீட்டில் பிரியாணி சட்டி இறக்கிய இடுப்புக்கு ஒன்று, மருமகள் வந்த வீட்டு மாமியார் தலைக்கு இரண்டு. கால் கிலோ சர்க்கரை, அரை கட்டு பீடி, ஒரு அனாசின் என்று ஒரே மூச்சில் கேட்பார்கள். கணக்கு நோட்டில் அத்தா அதை "சில்லறைச் சாமான்" என்ற தலைப்பில்தான் எழுதுவார், தீப்பெட்டிக்குக் கீழே.

மக்கள்தொகை ஆயிரத்துக்கு மேற்படாத கிராமத்தில் ஆஸ்பிரின், பாராசிட்டமால் மாதிரி சிலவற்றை லைசென்ஸ் இல்லாமலே கடையில் விற்கலாம் என்று மருந்துச் சட்ட விதிகளில் ஒரு சலுகை உண்டு. கோட்டக்குப்பம் அந்த ஆயிரத்தைத் தாண்டி எத்தனையோ காலமாகியிருந்தது. அத்தா அந்த விதியைப் படித்ததுமில்லை, வாங்க வந்தவர்கள் கேட்டதுமில்லை.

சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போன சபுராளிகள் கொண்டுவரும் கோடாலித் தைலம் இருக்கிற வீட்டுக்கு ஊரில் ஒரு மதிப்பு. ஆனால் தைலத்தைவிட மரியாதை பெற்றது ஆஸ்பத்திரி மாத்திரைதான். சர்க்கார் ஆஸ்பத்திரியில் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் பெரிய வெள்ளை மாத்திரை. பெயர் ஏ.பி.சி. ஆஸ்பிரின், பினாசிட்டின், கஃபீன் மூன்றின் முதலெழுத்து. காசில்லாமல் கிடைத்ததாலும், கசந்ததாலும், அது நல்ல மருந்து என்று முடிவாகியிருந்தது. காய்ச்சல் விட்ட பிறகும் மிச்சத்தை மாடத்தில் எடுத்துவைத்து, அலுப்பான நாளில் ஒன்று போட்டுக்கொள்வார்கள்.

இந்தப் பினாசிட்டினின் கதை அப்போது எங்களுக்குத் தெரியாது. ஸ்வீடனில் ஹுஸ்க்வர்ணா என்று ஒரு தொழிற்சாலை ஊர். 1918 விஷக்காய்ச்சலின்போது அந்த ஊர் டாக்டர் ஒருவர் பினாசிட்டின், ஃபீனசோன், கஃபீன் கலந்து ஒரு பவுடர் எழுதிக் கொடுத்தார். காய்ச்சல் போய்விட்டது, பவுடர் போகவில்லை. தெம்பாக இருக்கிறது என்று தொழிலாளிகள் தினமும் போட்டுக்கொண்டார்கள். பிறந்த நாளுக்கு அழகான தாளில் சுற்றிப் பரிசாகக்கூடக் கொடுத்துக்கொண்டார்கள். வருஷங்கள் போனபிறகு, பவுடர் போட்டவர்கள் ஒவ்வொருவராகச் சிறுநீரகம் கெட்டுச் செத்துக்கொண்டிருப்பது தெரியவந்தது. 1953ல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். இந்தியாவில் பினாசிட்டினுக்குத் தடை வந்தது 1983 ஜூலையில். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பினாசிட்டின் உடம்புக்குள் போய்ப் பெரும்பாலும் பாராசிட்டமாலாக மாறித்தான் வலியைக் குறைக்கிறது என்று பிராடி, ஆக்சல்ராடு என்ற விஞ்ஞானிகள் 1948லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். விஷத்தைக் கழித்துவிட்டுச் சரக்கை மட்டும் கொடுத்திருக்கலாம். முப்பத்தைந்து வருஷம் கழித்துத்தான் நமக்கு அது தோன்றியது.

ஆக, மாத்திரையே அறியாத அந்தத் தலைமுறை தின்றதில் ஒன்று இன்றைக்கு எந்தக் கடையிலும் விற்கக்கூடாத சரக்கு. இதைச் சொன்னால் எந்தப் பெரியவரும் ஒத்துக்கொள்ள மாட்டார். "அது தலைவலி மாத்திரைப்பா" என்பார். தலைவலி மாத்திரை மாத்திரையில் சேராது. சர்க்கரைக்குச் சாப்பிடுவது மாத்திரை, பிரஷருக்குச் சாப்பிடுவது மாத்திரை. வலிக்குப் போட்டுக்கொள்வது வெற்றிலை பாக்கு மாதிரி ஏதோ ஒரு பழக்கம்.

இப்போது ஊர் நகராட்சி. அத்தாவின் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குப் பதில் கண்ணாடி போட்ட, ஏசி வைத்த மெடிக்கல்கள். முன்னேற்றம்தான், சந்தேகமில்லை. முன்பு ஒன்று வெட்டிக் கொடுத்தார்கள், இப்போது "செட்டு" கொடுக்கிறார்கள். "உடம்பு வலிக்கு ஒரு செட்டு" என்று கேட்டால் போதும், சின்னக் காகித உறையில் நான்கைந்து நிறம் வந்துவிடும். ஒன்று டைக்ளோபினாக், ஒன்று பாராசிட்டமால், ஒன்று வயிறு எரியாமல் இருக்க, மஞ்சளாக ஒன்று தூங்குவதற்கு. கேட்காமலே சேர்ந்துவரும் பொடி வெள்ளை மாத்திரை பல நேரம் ஸ்டீராய்டு. மறுநாள் காலை துள்ளி எழுவது அதனால்தான். டைக்ளோபினாக்கோடு ஸ்டீராய்டு சேர்ந்தால் இரைப்பையில் புண் விழுவதும் ரத்தம் கசிவதும் எளிதாகிவிடும். மலம் தாராகக் கறுத்துப் போகிறவரை வெளியில் தெரியாது. டைக்ளோபினாக் அட்டையில் சிவப்புக் கோடு இருக்கிறது, டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாது என்று அர்த்தம். செட்டாகப் பிரித்துப் போடும்போது கோடு அட்டையோடு கடையிலேயே தங்கிவிடுகிறது. அத்தாவின் கத்தரிக்கோல் வேலைதான், கொஞ்சம் நாகரிகமாக.

இதே டைக்ளோபினாக்கை மாட்டுக்குப் போட 2006ல் இந்தியாவில் தடை வந்தது. ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக விழுந்தன. கழுகின் சிறுநீரகம் வேறு, மனிதனுடையது வேறு, ஒப்பிடக்கூடாது என்பார்கள். சரிதான். இருந்தாலும், கழுகுக்குக் கிடைத்த அக்கறையில் கொஞ்சம் மாட்டுக்காரனுக்கும் கிடைத்திருக்கலாம்.

அத்தாவின் கடைக்கு உப்பு மரக்காணத்திலிருந்து வரும். இன்றும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் வெள்ளைக் குவியல் கண்ணைக் கூசவைக்கும். அங்கே உப்பு வாரும் ஒரு அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தேன். பாதம் வெடித்து, வெடிப்புக்குள் உப்பு ஏறி வெளுத்திருந்தது. "தண்ணி குடிச்சா ஒதுங்க எடம் வேணுமே தம்பி? வரப்புல எங்க போறது? அதனால வேலை முடியிறவரைக்கும் வாயை நனைச்சுக்கறதோட சரி. ராத்திரி ஒரு செட்டு போட்டாத்தான் விடியக்காலைல கை தூக்க வரும்." போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டில் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு ஏழு பேரிடம் சிறுநீரகம் வடிகட்டும் வேகம் குறைந்திருந்தது. அது வெயிலையும் தண்ணீரையும் பற்றிய ஆய்வு, மாத்திரையைப் பற்றியதல்ல.

ஆனால் மாத்திரையும் அந்தச் சிறுநீரகத்தில்தான் வந்து சேர்கிறது. உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்ற சுரப்பு உருவாகாமல் தடுத்துத்தான் ஆஸ்பிரின், டைக்ளோபினாக் வகை மருந்துகள் வலியையும் வீக்கத்தையும் குறைக்கின்றன. 1971ல் ஜான் வேன் இதைக் கண்டுபிடித்தார், 1982ல் நோபல் பரிசு வாங்கினார். அந்தச் சுரப்புக்கு வலி உண்டாக்குவது மட்டும் வேலையல்ல. இரைப்பைச் சுவரை அமிலம் அரிக்காமல் காப்பதும் அதுதான். உடம்பில் தண்ணீர் வற்றும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் குழாயை விரித்துவைப்பதும் அதுதான். உப்பளத்தில் வாய்க்கால் தண்ணீர் குறைந்தால் மதகை இன்னும் அகலத் திறந்துவிடுவார்களே, அந்த வேலை. நாளெல்லாம் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நின்றுவிட்டு ராத்திரி டைக்ளோபினாக் போட்டால் மதகை இறக்கிவிட்ட கணக்கு. பிரஷருக்குச் சில வகை மாத்திரையும், நீர் பிரியும் மாத்திரையும் ஏற்கெனவே சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் மோசம். ஒரு நாள், இரண்டு நாள் என்றால் உடம்பு சமாளித்துக்கொள்ளும். உப்பு வாரும் சீசன் மாதக்கணக்கில் ஓடும்.

எங்கள் ஊரில் வெயிலுக்குப் பதில் வேறு ஏற்பாடு. ரமலானில் பகலெல்லாம் டீ கிடையாது. மூன்றாம் நோன்பு மதியம் ஊர் முழுக்க நெற்றியைப் பிடித்துக்கொண்டிருக்கும். எங்கள் சின்னத்தா புத்திசாலி. வரப்போகும் தலைவலிக்கு விடியுமுன் ஸஹர் சாப்பாட்டு நேரத்திலேயே ஒரு சாரிடான் போட்டுவிடுவார். அதில் கஃபீன் இருக்கிறது, டீ குடித்த மாதிரிதான். நோன்பு முடிந்தும் அவருக்குத் தலைவலி விடவில்லை. மாத்திரையையும் விடவில்லை. இப்படிக் கூட்டு மாத்திரையை மாதத்தில் பத்து நாளுக்கு மேல், தனி மாத்திரை என்றால் பதினைந்து நாளுக்கு மேல், மூன்று மாதம் தாண்டிப் போட்டுக்கொண்டே இருந்தால், மாத்திரையே தலைவலியை வரவழைக்கும் என்று நரம்பு மருத்துவர்கள் தனி வியாதியாகவே பெயர் வைத்திருக்கிறார்கள். நிறுத்தினால் சில நாள் தலை வெடிக்கும், அதைத் தாங்கினால் பலருக்கும் குறைந்துவிடும். சின்னத்தாவுக்கு அந்தச் சில நாள் பொறுமை இல்லை.

2018 செப்டம்பரில் மத்திய அரசு 328 கூட்டு மருந்துகளைத் தடைசெய்தபோது பட்டியலில் சாரிடானும் இருந்தது. விஷயம் உச்ச நீதிமன்றம் போய் 2019 பிப்ரவரியில் விலக்கு வாங்கிவிட்டது. 1988க்கு முன்பே விற்பனையில் இருந்த சரக்கு என்பது வாதம். சின்னத்தாவுக்கு அன்று ஒரே சந்தோஷம். "நான் அதுக்கும் முன்னாலேர்ந்து சாப்பிடறேன்" என்றார்.

எல்லை தாண்டினால் புதுச்சேரியின் முத்தியால்பேட்டை. அங்கே சரக்கு மலிவு, குடித்த மறுநாள் தலைவலி மட்டும் தமிழ்நாட்டுக்குள் வந்துதான் விடியும். குடித்துப் பழகிய ஈரலுக்குப் பாராசிட்டமால் பாரம், காலி வயிற்றுக்கு ஆஸ்பிரின் பாரம். இரண்டு பக்கத்து அரசுகளும் இதில் தலையிடுவதில்லை.

பெரியம்மா வீட்டு விவகாரம் இதையெல்லாம் மிஞ்சியது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவரும் பெண் கெட்டிக்காரி. "வேற மாத்திரை சாப்பிடறீங்களா பாட்டிம்மா?" என்று கேட்டாள். "ஒண்ணும் இல்லம்மா" என்றார் பெரியம்மா, சத்தியம் பண்ணாத குறையாக. அவள் நகரவில்லை. "சரி, முட்டி வலிச்சா என்ன பண்ணுவீங்க?"

உடனே பிஸ்கட் டின் வந்தது. பாரிஸ் பேரன் கொண்டுவந்த மஞ்சள் பெட்டி தோலிப்ரான் 1000. துபாய்ப் பேரன் அனுப்பிய பனடால் எக்ஸ்ட்ரா. உள்ளூர் டோலோ 650. பாரிஸில் 2020 ஜனவரியிலிருந்து இந்த மாத்திரையைக் கடையில் நாமாக எடுத்துக்கொள்ள முடியாது, கேட்டு வாங்க வேண்டும், பெட்டியிலேயே ஈரல் கெடும் என்று எச்சரிக்கை இருக்கும். பெரியம்மாவுக்கு பிரெஞ்சு தெரியாது. முட்டிக்குப் பாரிஸ், காலையும் ராத்திரியும் ஒவ்வொன்று. தலைக்குத் துபாய், இரண்டு வேளை இரண்டிரண்டு. தூக்கம் வர உள்ளூர் ஒன்று.

அந்தப் பெண் பிரஷர் அட்டையின் பின்பக்கம் கூட்டினாள். இரண்டாயிரம், இன்னொரு இரண்டாயிரம், அறுநூற்றைம்பது. நாலாயிரத்து அறுநூற்றைம்பது மில்லிகிராம். நல்ல உடம்புள்ள பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு நாலாயிரம்தான் எல்லை. நாற்பது கிலோ பெரியம்மாவுக்கு அதற்கும் ரொம்பக் கீழே.

"மூணும் ஒரே மருந்து பாட்டிம்மா. பாராசிட்டமால். பேருதான் வேற."

பெரியம்மா நம்பவில்லை. மூன்றையும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாமே ஒண்ணா?"

"துபாய் மாத்திரைல மட்டும் கஃபீன் கூடச் சேர்த்திருக்கு. டீல இருக்குமே, அது."

"அதான பாத்தேன்" என்றார் பெரியம்மா. "அது ஒண்ணுதான் நல்லாக் கேக்குது."