ஐஸ் வைத்தவன்

அக்கா மகன் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றான். நாற்பது பக்க நோட்டு, புதுசு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே "புது ப்ராடக்ட் ஐடியா" என்று தலைப்பு, இரண்டு கோடு. அதற்குக் கீழே 1 போட்டு ஒரு புள்ளி. அப்புறம் வெள்ளைத் தாள்.

பையன் ஆன்லைனில் கடை வைத்திருக்கிறான். கடை என்றால் அக்கா வீட்டு மாடி அறை, ஒரு தராசு, நாலு சுருள் பிரவுன் டேப், ஒரு போன். கருப்பட்டி, சுக்கு மல்லி காபிப் பொடி, பனை ஓலைப் பெட்டி என்று ஆரம்பித்து ஓரளவு ஓடியது. ஓடுவதைப் பார்த்து எதிர் வீட்டுப் பையனும் அதையே போட்டான், அஞ்சு ரூபாய் குறைத்து. நம்மவனுக்கு ரோஷம் வந்து, போன மே மாதம் கருப்பட்டி சாக்லேட் இறக்கினான். மதுரைக்குக் கிளம்பிய பார்சல் பாயசமாகப் போய்ச் சேர்ந்தது. வாங்கிய அம்மாள் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, ஒரு ஸ்பூனும் சேர்த்து அனுப்பியிருக்கலாம் என்று எழுதியிருந்தார்.

"மாமா, யாருமே இதுவரைக்கும் விக்காத பொருளா ஒண்ணு சொல்லுங்க. உருகக் கூடாது. முதல் நிறையப் போட முடியாது."

திருவல்லிக்கேணியில் இருக்கிறவனிடம் வந்து கேட்டால் என்ன செய்வது? சட்டையை மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் அழைத்துப் போனேன். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே நிறுத்தி, "இது முன்னாடி என்னவா இருந்தது?" என்றேன்.

"ஐஸ் ஹவுஸ்."

"ஏன் அந்தப் பேரு?"

"பஸ் ஸ்டாப் பேரு மாமா அது."

பையனைக் குற்றம் சொல்ல முடியாது. இங்கே ஐஸ் ஹவுஸ் என்று ஒரு வட்டாரமே இருக்கிறது, பஸ் நிற்கிறது, போலீஸ் ஸ்டேஷன் கூட இருக்கிறது. ஐஸ் மட்டும்தான் இல்லை. சுண்டல் வாங்கிக் கொடுத்து மணலில் உட்கார வைத்துக் கதையை ஆரம்பித்தேன்.

பாஸ்டனில் டூடர் என்று வசதியான ஒரு வக்கீல் குடும்பம். பிள்ளைகளை ஹார்வர்டுக்கு அனுப்புகிற வீடு. அதில் ஃபிரெடரிக் என்றொரு பிள்ளை, 1783-இல் பிறந்தவன், 13 வயதிலேயே பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டான். நம் வீடாக இருந்தால் நாலு பெரியவர்கள் கூடி, எதிர் வீட்டுப் பையனை உதாரணம் காட்டி, அழ வைத்துத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அங்கே ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

1805-இல் ஒரு நாள் குடும்பமாக உட்கார்ந்து எதையோ சில்லென்று சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நாட்டுப்புறத்தில் தோட்டம் இருந்தது, தோட்டத்தில் குளம் இருந்தது. குளிர்காலத்தில் குளம் பாறையாக உறைந்துவிடும். அதை வெட்டிக் கிடங்கில் வைத்துக் கோடையில் தின்பது அந்த ஊர்ப் பணக்காரர்களின் வழக்கம். அண்ணன் வில்லியம் பேச்சுவாக்கில், இந்த ஐஸை வெட்டிக் கப்பலேற்றி மேற்கிந்தியத் தீவுகளில் விற்றால் என்ன என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். 21 வயது ஃபிரெடரிக் சிரிக்கவில்லை. போய் ஒரு டைரி வாங்கி எழுத ஆரம்பித்துவிட்டான்.

"அண்ணன் ஐடியாவைத் தம்பி சுட்டுட்டான்," என்றான் பையன்.

எதிர் வீட்டு ஞாபகம் அவனுக்கு. பேசாமல் கேளுடா என்றேன்.

ஆற்றோடு போகிற தண்ணீரை ஐயா குடி, அம்மா குடி என்பார்கள் நம் ஊரில். இவன் அதையே உறைய வைத்து விலை போட்டவன். சரக்கு தானாக விளைகிறது, அதுவும் சும்மா. கிளம்பினான். ஒரு கப்பல்காரனும் ஏற்றமாட்டேன் என்றான். கப்பலுக்குள் தண்ணீர் வராமல் பார்த்துக்கொள்வதுதான் மாலுமியின் பிழைப்பே. காசு கொடுத்து உள்ளே தண்ணீரை ஏற்று என்றால் எவன் ஏற்றுவான்? டூடர் 4,750 டாலர் கொடுத்து 'ஃபேவரிட்' என்ற கப்பலையே வாங்கினான். டெலிவரிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று லாரியே வாங்கிய கதை. 1806 பிப்ரவரியில் கப்பல் கிளம்பியது. உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று இது கேலியில்லை என்று செய்தியை ஆரம்பித்து, வியாபாரம் வழுக்கிவிடாமல் இருந்தால் சரி என்று கேலி செய்தே முடித்தது.

மூன்று வாரத்தில் மார்ட்டினிக் தீவு. அண்ணனையும் சொந்தக்காரர் ஒருவரையும் முன்கூட்டியே அனுப்பி, இந்தத் தீவில் எங்களைத் தவிர வேறு யாரும் ஐஸ் விற்கக் கூடாது என்று உரிமை வாங்கியாகிவிட்டது. போட்டிக்கு யார் வரப்போகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய இன்னொரு விஷயத்தையும் கேட்கவில்லை. இறக்கிய ஐஸை வைக்கக் கிடங்கு? அது கட்டவே இல்லை.

கொதிக்கிற வெயில், துறைமுகத்தில் கப்பல், கப்பலுக்குள் குளம். டூடர் நோட்டீஸ் அடித்துக் கொடுத்தான்: கம்பளித் துணி கொண்டுவாருங்கள், சுற்றி எடுத்துப் போங்கள். ஊர்க்காரர்கள் அதுவரை ஐஸைக் கண்ணால் கண்டவர்கள் இல்லை. கொல்லன் தெருவில் ஊசி விற்பது கஷ்டம் என்கிறோம். ஊசி என்றால் என்னவென்றே தெரியாத தெருவில் விற்பது அதைவிடக் கஷ்டம். ஒருவர் வாங்கி, உச்சி வெயிலில் தெரு வழியாக நடந்து, வீட்டு வாசலில் தட்டில் வைத்துவிட்டு, உருகுகிறதே என்று சண்டைக்கு வந்தார். இன்னொருவர் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டு வைத்தார். மூன்றாமவர் கெட்டிக்காரர், கெடாமல் இருக்கட்டும் என்று உப்பில் புதைத்தார். நம் பாட்டிகளும் அதைத்தான் செய்திருப்பார்கள். மாங்காய்க்கு உப்பு, நெல்லிக்காய்க்கு உப்பு, இதற்கும் உப்பு.

பையன் கண்ணில் அந்த மதுரை அம்மாள் வந்து போனது தெரிந்தது.

டூடர் ஒன்று செய்தான். டிவோலி என்ற தோட்டக் கடையை நடத்தியவரைப் பிடித்து, உங்கள் கடையில் ஐஸ்கிரீம் போட்டுத் தருகிறேன் என்றான். இந்த ஊர் வெயிலில் ஐஸ்கிரீமா, நடக்காது என்றார் அவர். டூடரே நின்று செய்து காட்டினான். முதல் ராத்திரியே 300 டாலர் கல்லாவில் விழுந்தது. யார் கல்லாவில்? கடைக்காரர் கல்லாவில். நம் ஆளின் சரக்கு கப்பலில் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. மொத்தத்தில் நாலாயிரம் டாலருக்குக் கிட்டத்தட்ட நஷ்டம்.

ஐடியாவுக்கு ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது. அப்புறம் நடந்ததுதான் நீளம். 1812-இல் கடனுக்காக ஜெயில். 1813-இல் மறுபடியும். டைரியின் அட்டையில் வீர வசனம் எழுதி வைத்த ஆள், உள்ளே எழுதியதெல்லாம் கடன்காரர் பட்டியல். 1815-இல் ஹவானாவுக்குக் கப்பல் ஏறப் போனபோது, பிடிக்க வந்த அதிகாரிகள் துறைமுகம் வரை துரத்திவந்தார்கள். அதிலும் பார், கையில் மரச் சட்டங்களோடு போகிறான். இந்த முறை கிடங்கு கட்ட மறக்கவில்லை.

1816-இல் புத்தி வேறு மாதிரி வேலை செய்தது. போகும்போது ஐஸ் சரி, வரும்போது கப்பல் சும்மாதானே வருகிறது? கியூபாவில் எலுமிச்சை, ஆரஞ்சு, வாழை என்று கடன் வாங்கி வாங்கிப் போட்டு, மேலே ஐஸும் வைக்கோலும் வைத்து நியூயார்க்குக்கு ஓட்டினான். திறந்து பார்த்தால் முக்கால்வாசிக்கு மேல் அழுகல்.

"பேக்கிங் பிரச்சினை," என்றான் பையன். குரலில் ஒரு சகோதர பாசம்.

உண்மையில் அந்த மனிதன் வாழ்நாள் பூராவும் ஐஸ் விற்கவில்லை, பேக்கிங்தான் பண்ணினான் என்பது என் கட்சி. வைக்கோல் போட்டுப் பார்த்தான், அது இது என்று எதையெல்லாமோ போட்டுப் பார்த்தான், கடைசியில் மரத்தூளில் வந்து நின்றான். மர அறுவை மில்களில் தூள் மலைபோல் குவிந்து, எங்கே கொட்டுவதென்று தெரியாமல் இருந்த காலம். அதை அள்ளிப் போனால் மில்காரன் கும்பிட்டு அனுப்புவான். பாஸ்டனிலிருந்து தெற்கே போகிற கப்பல்களில் பல சரக்கில்லாமல், கவிழாமல் இருக்கக் கல்லைப் பாரமாக ஏற்றிப் போயின. கல்லுக்குப் பதில் ஐஸை ஏற்றினால் வாடகை அடிமாட்டு விலை. ஆக, யாருக்கும் வேண்டாத குளம், யாருக்கும் வேண்டாத தூள், காலியாகப் போகிற கப்பல். வெட்டுக் கூலி மட்டும் உதைத்தது. குளத்தங்கரையில் ஓட்டல் வைத்திருந்த குடும்பத்து நதானியேல் வயத் என்பவர் 1825 வாக்கில் குதிரை பூட்டி உழுகிற ஐஸ் கலப்பை செய்து கொடுத்தார். நீளவாக்கில் ஒரு உழவு, குறுக்கே ஒரு உழவு. மைசூர்பாகு வில்லை போட்ட மாதிரி கட்டி கட்டியாக எழும்பி வந்தது. அச்சு மாறாத சதுரக் கட்டிகள் இடைவெளி இல்லாமல் அடுக்க வந்ததால் உருகுவதும் குறைந்தது.

வாங்குகிறவனை என்ன செய்வது? அதற்கும் வைத்திருந்தான் மருந்து. மதுக்கடைக்காரர்களிடம் போய், ஐஸ் இலவசமாகத் தருகிறேன், சில்லென்ற சாராயத்தையும் சூடான சாராயத்தையும் ஒரே விலைக்குக் கொடு என்றான். ஒரு வாரம் சில்லென்று குடித்தவன் அப்புறம் சூடாகக் குடிக்க மாட்டான் என்பது கணக்கு. தப்பவில்லை. ஊருக்கே ஐஸ் வைத்துக் காரியம் சாதித்த முதல் மனிதன் அவன்தான் என்று நினைக்கிறேன்.

1833 மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் ஐஸோடு கல்கத்தாவுக்குக் கிளம்பியது. நாலு மாதப் பயணம், பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்ட வேண்டும். செப்டம்பரில் வந்து சேர்ந்தபோது ஏறக்குறைய 100 டன் கட்டியாகவே இருந்தது. மதுரை எட்டு மணி நேரம்தான், ஞாபகம் வைத்துக்கொள் என்றேன். பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதுவரை கல்கத்தா துரைகள் குளிர்கால ராத்திரிகளில் மண் தட்டுகளில் தண்ணீர் வைத்து எடுத்த சேறு கலந்த உள்ளூர் ஐஸைத்தான் நக்கிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி மாதிரி கட்டியைப் பார்த்ததும் ஆடிப்போய், சுங்கத்தைத் தள்ளுபடி செய்து, வெயில் படாமல் ராத்திரியில் இறக்க அனுமதி கொடுத்து, தங்களுக்குள் சந்தா போட்டுக் கிடங்கும் கட்டிக் கொடுத்தார்கள். ஒரு நாட்டையே ஆட்டிப்படைத்த சர்க்கார் வேர்வைக்கு விழுந்தது.

அந்தச் சூட்டில் 1842 வாக்கில் எழும்பியதுதான் மதராஸ் ஐஸ் ஹவுஸ். அப்போது இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் தள்ளி நிற்கும். ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலா படகுகள் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கை ஏற்றி வரும். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் குளம் ஒன்று, துண்டு துண்டாக, நம் படகுக்காரர்களின் வேர்வையில் நனைந்து இந்தக் கரையில் ஏறியிருக்கிறது. துரைமார்களின் கண்ணாடிக் குவளையில் அது மிதந்தபோது, சுமந்து வந்தவர் வெறும் பானைத் தண்ணீர் குடித்திருப்பார். அமெரிக்காவில் வால்டன் குளத்தங்கரையில் குடிசை போட்டிருந்த எழுத்தாளர் தோரோ, 1846-47 குளிர்காலத்தில் அந்தக் குளத்தில் ஐஸ் வெட்டுவதைப் பார்த்துவிட்டு, மதராஸ், பம்பாய், கல்கத்தாவாசிகள் தன் கிணற்றில் தண்ணீர் குடிப்பதாகக் கற்பனை செய்து எழுதினார். குடித்தவர்கள் எந்தக் குளம் என்று கேட்டதாகத் தெரியவில்லை. விஸ்கி எந்த ஊர் என்று மட்டும் பார்த்திருப்பார்கள்.

"அப்ப ஆளு செட்டில் ஆயிட்டான்," என்றான் பையன்.

எங்கே? ஐஸில் பணம் வந்ததும் காபியில் சூதாடினான். விலை ஏறும் என்று வாங்கிக் குவிக்க, விலை சரிந்து, 2 லட்சம் டாலருக்கு மேல் கடன். சூடான பானத்தில் விட்டதைச் சில்லென்ற பானத்தில் பிடிக்க மேலும் பத்துப் பதினைந்து வருஷம் ஆயிற்று. கல்கத்தா ஐஸ்தான் காப்பாற்றியது. 1864-இல் செத்தபோது பெரும் பணக்காரன். அதோடு நேரம் பார்த்துச் செத்தான். 1870-களில் இங்கேயே நீராவி இயந்திரம் ஐஸ் செய்ய ஆரம்பித்து, கடல் கடந்த குளங்களுக்கு வேலையில்லாமல் போயிற்று.

சரக்கு போயிற்று, கிடங்கு நின்றது. பிலிகிரி ஐயங்கார் என்ற ஹைகோர்ட் வக்கீல் அதை வாங்கி, தன் நண்பரான ஜட்ஜ் கெர்னான் பெயரால் 'கெர்னான் கோட்டை' என்று பெயர் வைத்தார். காற்றே புகாதபடி ஐஸுக்காகக் கட்டிய வீட்டில் மனிதன் குடியிருந்தால் என்ன ஆகும்? சுற்றிலும் ஜன்னலும் தாழ்வாரமும் போட வேண்டி வந்தது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கினார். பிற்பாடு சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளுக்கான விடுதியை இங்கே நடத்தினார். 1963-இல் இப்போதைய பெயர் வந்தது. கண்டக்டர்கள் அதைக் காதில் வாங்கவில்லை.

சுண்டல் தீர்ந்தது. பையன் நோட்டைத் திறந்து 1-க்குப் பக்கத்தில் ஏதோ எழுதினான். எட்டிப் பார்த்தேன். 'மரத்தூள்'. சாக்லேட்டைச் சுற்றி அனுப்பப் போகிறானாம். அங்கேயே போனை எடுத்து ஒரு மர மில்லுக்கு அடித்தான்.

"அண்ணே, தூள் இருக்கா? நாங்களே வந்து அள்ளிக்கிறோம்ணே, உங்களுக்கும் இடம் காலியாகும்... ஆங்?... என்னது?"

போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"மூட்டை நூத்தம்பதாம் மாமா. அதுவும் காளான் வளக்கறவங்க அட்வான்ஸ் குடுத்து வச்சிருக்காங்களாம்."