பிரான்சு கிராமத்தில் பட்டினி கிடப்பது எப்படி?

பேராண்டி, பெட்டி கட்டியாச்சாமே! நீயும் உன் பொண்டாட்டியும் லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு ஒரு வருஷம் பிரான்சுல கிராமம் கிராமமாத் தங்கப் போறீங்களாம். சந்தோஷம். புதுச்சேரிப் பக்கம் பாகூர் ஏரிக்கரையில மாடு மேய்ச்சவன், பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவாச் சேர்ந்து பென்ஷன் வாங்குற வரைக்கும் அந்த ஊர் ரொட்டியைத் தின்னவன், இங்கே திண்ணையிலதான் உக்காந்திருக்கேன். ஒரு வார்த்தை கேட்டியா? செல்போன் சொல்லும்னுட்டே. சரிதான், நான் புத்தி சொல்லலை. பை நிறைய யூரோவை வச்சுக்கிட்டு அங்கே பட்டினி கிடக்கிறது எப்படின்னு மட்டும் சொல்லித் தர்றேன்.

கடைக்குள்ள நுழைஞ்சதும் நேரா "ரெண்டு ரொட்டி"ன்னு கேளு. 'போன்ழூர் மதாம்'னு மட்டும் சொல்லிடாதே. வணக்கம் வச்சுக்கிட்டா நாம அரிசி பருப்பு வாங்குறோம்? அந்தம்மா ரொட்டியை எடுக்க மாட்டா. உன் மூஞ்சியைப் பார்த்து நிதானமா 'போன்ழூர், முசியே'ம்பா. அது வணக்கம் இல்லடா, குட்டு. பின்னாடி வரிசையில நிக்கிற கிழவிங்க எல்லாம் கூரையைப் பார்ப்பாங்க. போன மொத நாளே எனக்கு விழுந்த குட்டு அது. மண்டை இன்னும் வலிக்குது.

அடுத்தது நேரம். காலையில 7 மணிக்கே ரொட்டிக் கடை திறந்துடும், போகாதே. நல்லாத் தூங்கி எழுந்து, போன்ல நாலு பேரோட பேசிட்டு, 12.30 மணிக்கு மேல கிளம்பு. கதவு சாத்தியிருக்கும். ஊரே சாப்பிட உக்காந்திருக்கும். மறுபடி திறக்க 2, 3 மணி ஆகலாம், கடைக்குக் கடை மாறும். ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு மேலயும் திங்கக்கிழமை முழுசாவும் போய் நின்னா இன்னும் விசேஷம். ஆகஸ்டுல ரொட்டிக்காரரே குடும்பத்தோட லீவு போயிடுவார். கதவுல ஒரு சீட்டு தொங்கும். அதைப் படிச்சு வயிறு நிறைச்சுக்கோ.

ஒருவேளை கடை திறந்திருந்தா, "ஸ்லைஸ் பிரெட் இருக்கா?"ன்னு கேட்டு வை. ரொட்டிக்குன்னு சர்க்கார் ஆணை போட்ட தேசம் அது. 1993-ல வந்த ஆணைப்படி, 'த்ரதிசியோன்'னு பேர் வச்சு விக்கிற ரொட்டியை உறைய வச்சிருக்கக் கூடாது, ரசாயனச் சேர்மானமும் கூடாது. மாவு பிசையறதும் சுடறதும் அங்கேயே நடந்தாத்தான் 'பூலான்ழரி', அதாவது ரொட்டிக் கடைன்னு பலகை மாட்டலாம்னு 1998-ல சட்டமே போட்டாங்க. 2022-ல பக்கெத்ங்கிற நீள ரொட்டியைச் சுடற கைப்பக்குவத்தை யுனெஸ்கோ தன் பட்டியல்ல ஏத்துச்சு. அந்த ரொட்டியைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வர்றப்போ வழியிலேயே முனையைக் கடிச்சுத் தின்னலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எல்லாரும் அதான் செய்யறாங்க. நீ பெரிய உத்தியோகஸ்தன், வெக்கப்படு.

வாரத்துக்கு ஒரு நாள் சந்தை கூடும். உன் பொண்டாட்டி வெண்டைக்கா முனையை ஒடிச்சுப் பார்த்து வாங்குறவ இல்ல? அதே கையோட அங்கே பீச் பழத்தை அமுக்கிப் பார்க்கச் சொல்லு. கடைக்காரன் பழத்தோட சேர்ந்து தானும் கன்னிப் போவான். எடுத்துக் கொடுக்கிறது அவன் வேலை. முலாம்பழம் கேட்டா, "இன்னிக்குச் சாப்பிடவா, நாளைக்கா?"ம்பான். இன்னிக்குன்னா காம்பை மோந்து பார்த்து ஒண்ணு எடுப்பான், நாளைக்குன்னா வேற ஒண்ணு. பாலாடைக்கட்டிக்காரியும் அதே கேள்விதான் கேப்பா. "உனக்கெதுக்கு அந்த விசாரணை"ன்னு சொல்லிடு, காயைக் கட்டிக் கொடுத்துடுவாங்க.

கணக்குல நீ கெட்டிக்காரன், அதனால எச்சரிக்கை வேண்டாம். தராசுல 1,500 கிலோன்னு காட்டினா ஆயிரத்து ஐநூறு கிலோன்னு அலறு. அங்கே காற்புள்ளிதான் தசமப்புள்ளி, ஒண்ணரைக் கிலோதான் அது. 'லிவ்ர்'னு பாட்டிமார் கேக்குறது அரைக்கிலோ. 'கத்ர வேன்'னு ஒரு எண் சொல்வாங்க, அர்த்தம் 'நாலு இருபது'. ஃபோர் ட்வென்டின்னா நம்ம பக்கம் ஏமாத்துக்காரன், அங்கே வெறும் 80. போலீசைக் கூப்பிட்டுடாதே. அட்டையை மட்டும் நம்பிப் போ, சில்லறையே எடுத்துக்காதே. சின்னக் கடைங்கள்ல இவ்வளவுக்கு மேல வாங்கினாத்தான் அட்டைன்னு எழுதிப் போட்டிருப்பான்.

கறிவேப்பிலையைத் தேடி ஒரு நாள் அலை. கிடைக்காது. ஆனா பெரிய ஊருக்குப் போனா மசாலாக் கடையில 'வதுவான்'னு ஒரு டப்பா இருக்கும், திறந்து மோந்து பாரு. உங்க ஆயா மொட்டை மாடியில காயப்போட்ட வடவம்டா அது! புதுச்சேரியிலிருந்து கப்பலேறிப் பேரை மாத்திக்கிட்டு, வெள்ளைக்காரச் சமையல்காரன் கையில பெரிய மனுஷனா நடக்குது. பருப்பு வேணும்னா லெ புய் ஊர்ப் பச்சை லென்டில் வாங்கு. சாம்பாருக்குக் குழையாது, சுண்டலுக்கு அதை அடிச்சுக்க ஆளில்லை.

பேரமும் பேசிப் பாரேன். பலகையில எழுதின விலை எழுதினதுதான். ஆனா ஒண்ணு. எனக்குக் குட்டு வச்ச கடைக்காரிக்கு நான் தினமும் போன்ழூர் வச்சேன், குட்டுக்குப் பயந்துதான். மழை வந்ததா, ஆட்டுக்காரர் முழங்கால் வலி எப்படின்னு ரெண்டு வார்த்தை கேட்டேன். வரிசை நகரலைன்னு யாரும் முணுமுணுக்கலை, அவங்களும் அதுக்குத்தான் வந்திருந்தாங்க. நாலு மாசம் போச்சு. ஒரு நாள் நான் போக லேட்டாயிடுச்சு, அலமாரி காலி. அவ குனிஞ்சு மேசைக்கு அடியிலேர்ந்து ஒரு ரொட்டியை எடுத்தா. காகிதத்துல என் பேரு, தப்பும் தவறுமா. சந்தையில காய்க்காரன் பார்ஸ்லி இலை ஒரு கொத்தைக் கூடையில சும்மா போட்டான். நம்ம ஊர்க் கொசுறுதான். அதைக் கேட்டு வாங்க முடியாது, பழகித்தான் வாங்கணும்.

இப்போ நிறைய கிராமத்துல கடையே மூடியாச்சு. ரொட்டி விக்கிற மிஷினை நட்டு வச்சிருக்கான். அதுக்குப் போன்ழூர் சொல்ல வேண்டாம், உனக்குத் தோதான கடை. ஆனா நீ தங்குற ஊர்ல மனுஷன் நடத்துற கடை ஒண்ணு மிச்சம் இருந்தா, பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சூப்பர்மார்க்கெட்டுக்குக் காரை எடுக்காம, கொஞ்சமாவது அங்கே வாங்கு.

பிளாஸ்டிக் பையை அங்கே எப்பவோ தடை பண்ணிட்டான். என் பழைய கூடை கொல்லைப்புறம் ஆணியில தொங்குது, எடுத்துக்கோ. டிக்கெட்டையும் ஒரு தடவை பாரு. திங்கக்கிழமை போய் இறங்காதே.