பத்து எச்.பி. வாங்கப் போற பேராண்டிக்கு

ஏன்டா கண்ணு, கெணத்துக்குப் பத்து எச்.பி. மோட்டார் வாங்கோணும்னு உங்கப்பன்கிட்டச் சொன்னியாமா? நொம்ப நல்ல ரோசனை. அஞ்சு இழுக்கலீன்னா பத்து. பத்தும் இழுக்கலீன்னா இருவது. மோட்டார்க் கடைக்காரர் ஆவணியில மகளுக்குக் கல்யாணம் வெச்சிருக்காரு. நீ இப்பிடியே ரோசனை சொல்லிட்டு இருந்தீன்னா மண்டபத்து வாடகைக்கு அவரு அலைய வேண்டியதில்ல.

அப்பாரு ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தண்ணி நாப்பத்தஞ்சு அடியில கெடக்குது, மோட்டார் மேட்டுல உக்காந்திருக்குது. அது எப்பிடிடா தண்ணியை மேல கொண்டாருது? "உறிஞ்சுது"ங்கறியா? பரீட்சையிலயும் அதையே எழுதி மார்க்கும் வாங்கிப்போட்டியா? சரி, படிச்சவங்களுக்குள்ள ஒரு ஒத்துமை இருந்தாச் சரி.

இளநியில பப்பாளித் தண்டைச் சொருகி நாங்க குடிப்போம். தண்டுக்குள்ள இருக்கற காத்தை வாய் எடுத்துப்போடுது. வாய் பண்ற வேலை அம்புட்டுத்தான். தண்ணி மேல உக்காந்திருக்கற வெளிக்காத்து, தண்டு காலியானதும் தண்ணியை அமுக்கி மேல ஏத்துது. தள்ளுனது காத்து, குடிச்சேன்னு பேரு வாங்கறது நீ. மோட்டாரும் அதே ரகந்தான். உள்ள இம்பெல்லர் சுத்தித் தண்ணியை வீசி எறியுது. வீசுன எடத்துல அழுத்தம் கொறையுது. கீழ இருந்து காத்து தள்ளி விடற தண்ணி அங்க வந்து ரொம்புது.

காத்துக்கு ஏது கனம்னு சிரிக்காத. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. உன்ற உள்ளங்கை மேல மட்டும் நூறு கிலோவுக்குப் பக்கமா உக்காந்திருக்குது. தெரியலியா? பொறங்கையில அதே நூறு கிலோ அடியிலிருந்து முட்டுக் குடுக்குது. ரண்டு பங்காளியும் சம பலத்துல மொறைச்சுட்டு நிக்கறப்ப நடுவுல இருக்கறவன் பொழைச்சுக்கறதில்லியா, அந்தக் கதைதான்.

இப்பக் கணக்குக்கு வா. அந்தக் காத்து கடலோரத்துல 10.3 மீட்டர் தண்ணியைத்தான் தாங்கிப் புடிக்கும். நம்ம அடியில 34. நம்மூரு கடல் மட்டத்துக்கு மேல 400 மீட்டர்ல இருக்கறதால அரை மீட்டர் போச்சு. ஊட்டியில கெணறு வெட்டுனீன்னா எட்டு மீட்டரோட நின்னுரும். குழாயில உரசறது, புட்வால்வுல தடுக்கறது எல்லாம் கழிச்சா இருவது, இருவத்தஞ்சு அடி தேறும். நாப்பத்தஞ்சு அடிக்கு நீ ரயில் இஞ்சினையே கொண்டாந்து கட்டு. காத்து அதுக்கு மேல ஒரு அடி கூடத் தள்ளாது, கரண்டு மட்டும் போகும்.

இதுல ஏமாந்தது நீ மட்டுமில்ல, கலிலியோவே ஏமாந்திருக்காரு. (எட்டாங்கிளாஸ்காரனுக்குக் கலிலியோ எப்பிடின்னு பாக்கறியா? நூலகத்துல பேனுக்கு அடியில உக்காரோணும்னா கையில ஏதாச்சும் ஒரு புஸ்தகம் இருந்தாகோணுமே.) பம்பு ரிப்பேர் பாக்க வந்தவன், "பம்புல ஒரு கொறையும் இல்லீங், பதினெட்டு முழத்துக்கு மேல தண்ணி ஏறாது"ன்னு சொன்ன சங்கதியை 1638ல வந்த புஸ்தகத்துல எழுதியிருக்காரு. அவங்க முழம் நம்ம முழத்தைவிட நீளம். ரிப்பேர்க்காரன் சொன்ன அளவு சரி, பெரியவர் சொன்ன காரணந்தான் தப்பு. தொங்கற கயிறு நீளமானா தன்ற பாரத்துலயே அறுந்துபோறாப்பல தண்ணியும் அறுந்துபோகுதுன்னாரு. 1642ல போய்ச் சேந்துட்டாரு.

அவருகிட்டக் கடைசிக் காலத்துல இருந்த டோரிசெல்லி, காத்துங்கற கடலுக்கு அடியிலதான் நாம குடியிருக்கறோம்னு 1644ல ஒரு கடுதாசியில எழுதினாரு. தண்ணிக்குப் பதிலாப் பாதரசத்தை வெச்சுப் பாத்தா, 76 சென்டிமீட்டர்ல நிக்குது. பாதரசம் தண்ணியைவிட 13.6 மடங்கு கனம். ரண்டையும் பெருக்கு. போனை உள்ள வெச்சுட்டுப் பெருக்குடா. என்ன வருது? அதேதான், பத்து மீட்டரும் சொச்சமும். 1648ல பாஸ்கல், மேல போனாக் காத்து கொறையுதான்னு பாக்க அக்கா ஊட்டுக்காரரை மலையேத்தி விட்டாரு. மேல போகப் போகப் பாதரசம் எறங்கிருச்சு. பாஸ்கல் மலைப் பக்கமே போகல, பேரு மட்டும் அவருக்கு. நம்ம ஊட்டு விசேசத்துலயும் அப்பிடித்தானே நடக்குது.

நாங்க மோட்டாருக்குள்ள சாணித் தண்ணி கரைச்சு ஊத்துனதைப் பாத்து மூக்கைப் புடிச்சுட்டு ஓடுனியே, அதுக்கும் காரணம் இதுதான். சந்து பொந்துல வெளிக்காத்து உள்ள பூந்துட்டா அழுத்தம் கொறையாது, அப்பறம் கீழ இருக்கற காத்து தள்ளி என்ன புண்ணியம்? சாணி அந்தச் சந்தை அடைச்சுப்போடும். கெணத்துக்குள்ள பாதியில திண்டு கட்டி மோட்டாரை அங்க எறக்கி வெச்சாங்களே, அது என்ன அழகுக்கா? தண்ணிக்குக் கிட்டப் போகத்தான். இல்லீன்னா சப்மெர்சிபிள் வாங்கு. அது தண்ணிக்கு அடியில இருந்து மேல தள்ளற சாதி. பத்து மீட்டர் கணக்கு அதுக்குக் கெடையாது. உன்ற எச்.பி. பெருமையெல்லாம் அங்க போய்க் காட்டு.

"அப்ப கெணத்து மேட்டுத் தென்னை அறுவது அடிக்குத் தண்ணி ஏத்துதே அப்பாரு"ன்னு நீ கேக்கலியே. கேப்பேன்னு பாத்துட்டே இருந்தேன். மோட்டார் இல்ல, ஈபி பில்லும் இல்ல. ஓலையில ஆவியாப் போற தண்ணி பின்னால வர்ற தண்ணியை இழுக்குது. நொம்ப மெல்லிசான குழல்ல தண்ணி ஒண்ணை ஒண்ணு கெட்டியாப் புடிச்சுக்கிட்டு அறுகாம வருது. டிக்சன், ஜோலின்னு அயர்லாந்துல ரண்டு பேரு 1894ல இதைச் சொன்னாங்க. கலிலியோவோட கயித்துக் கணக்கு பம்புக்குப் பொருந்தல, மரத்துக்குப் பொருந்திருச்சு பாரு. பெரிய மனுசன் தப்புன்னு சொல்றப்பக் கொஞ்சம் பாத்துச் சொல்லோணும், என்னையும் சேத்துத்தான்.

பத்து மீட்டர் கணக்குல நம்பிக்கை இல்லீன்னா உங்க அபார்ட்மெண்டுல நாலாவது மாடிக்கு ஏறு. உள்ள இருக்கறது தெரியற கெட்டி ஓஸா, பன்னெண்டு மீட்டர் வாங்கிக்க. மெல்லிசா இருந்தாச் சப்பிப்போகும். தண்ணியை ரொப்பி ஒரு முனையை நல்லா அடைச்சுப்போட்டு, இன்னொரு முனையை வாளித் தண்ணியில முக்கி வெச்சுட்டு, அடைச்ச முனையைக் கயித்துல கட்டி மேல தூக்கு. பத்து மீட்டர்கிட்டத் தண்ணி நின்னுக்கும், ஓஸ் மட்டும் மேல வரும். கீழ ஊட்டு அம்மா துணி காயப்போட்டிருக்காங்களான்னு முன்னாடியே எட்டிப் பாத்துக்க.