அடுத்த புத்தகக் காட்சிக்கு வந்துடும்

தமிழில் இன்னும் எழுதப்படாத நாவல்களுக்கென்று தனியாக ஒரு புத்தகக் காட்சி வைத்தால் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் போதாது. அதில் நடுநாயகமான அரங்கு நம் நண்பருக்குத்தான். ஒவ்வொரு ஜனவரியும் ஜோல்னாப் பையோடு அங்கே தவறாமல் வருவார். "நாவல் என்னாச்சு சார்?" என்றால், "அடுத்த புத்தகக் காட்சிக்கு வந்துடும்" என்பார். எந்த வருடத்துக்கு அடுத்தது என்று மட்டும் கேட்கக் கூடாது.

நாவலுக்குத் தலைப்பு இருக்கிறது. சமர்ப்பணம் இருக்கிறது, அம்மாவுக்கு. முன்னுரை யாரிடம் வாங்குவது என்பதில் மனஸ்தாபமாகி, ஒரு மூத்த எழுத்தாளரோடு பேச்சுவார்த்தையே நின்றுபோயிற்று. பின்னட்டைக்குப் படமும் எடுத்தாயிற்று: கன்னத்தில் கை, பார்வை ஜன்னலுக்கு வெளியே. பாக்கி நாவல்தான்.

அதற்காக அவர் சும்மா இருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். பால்பாயின்ட் பேனாவில் சிந்தனை வழுக்குகிறது என்று பாரிமுனைக்குப் போய் மைப்பேனா வாங்கினார். மை ஊறுகிறது என்று தாளை மாற்றினார். கையால் எழுதினால் அப்புறம் யார் டைப் செய்வது என்று மடிக்கணினிக்கு வந்தார். அங்கே காத்திருந்தது விசைப்பலகைப் பிரச்சினை. 'அம்மா'வை ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழுக்குக் கொண்டுவருவது மொழிக்கே இழுக்கு என்று பட்டது. தமிழ்99 பழகத் தொடங்கினார். அதில் உயிரெழுத்தெல்லாம் இடது கைப் பக்கம், மெய்யெல்லாம் வலது கைப் பக்கம். 'க'வை இரண்டு முறை தட்டினால் முதல் 'க'வுக்குத் தானாகவே புள்ளி விழும். அந்தப் புள்ளியைக் கண்ட பரவசத்தில் பக்கம், துக்கம், தயக்கம் என்றே ஒரு வாரம் தட்டிக்கொண்டிருந்தார். "விரல் பழகிடுச்சுன்னா நாவல் தானா இறங்கிடும்." விரல் பழகியது. இறங்கியது என்னவோ எழுத்துரு ஆராய்ச்சிதான். லதா எழுத்துருவில் சோகம் நிற்கவில்லையாம்.

ஏன் எழுதவில்லை என்பதற்கு இலக்கியச் சான்றுகளும் கைவசம் உண்டு. மௌனி மொத்தமே 24 கதைதான் எழுதினார். சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' வந்தது 1966இல். அடுத்த நாவல் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981இல். "பதினஞ்சு வருஷம் சார்!" என்று விரலை ஆட்டுவார், அத்தனை வருடமும் தானே தவம் கிடந்த மாதிரி. மௌனி அந்த 24ஐ எழுதி முடித்தார் என்பதும், இரண்டாவது நாவலுக்கு இடைவெளி விட வேண்டுமென்றால் முதல் நாவல் என்று ஒன்று வேண்டும் என்பதும் பேச்சில் வரவே வராது. 1950 முதல் 1954 வரை வாராவாரம் 'பொன்னியின் செல்வன்' எழுதினாரே கல்கி, அவருக்கு எழுத்து தடைப்படவில்லையா என்று கேட்டுப் பார்த்தேன். "அது பத்திரிகை எழுத்து" என்று ஒரே வெட்டு. (அச்சுக்கோப்பவர் வாசலில் வந்து நின்றால் எந்தத் தடையும் விலகும் என்பது என் கட்சி. இவர் வாசலில் வந்து நிற்பது கூரியர் பையன் ஒருவன்தான். அதுவும் புதுப் பேனாவோடு.)

இடம் மாறினால் எழுத்து வரும் என்று யாரோ சொல்ல, குற்றாலம் போனார். நல்ல சீசன். ஐந்தருவியில் குளித்தார், செங்கோட்டை பக்கம் போய் பரோட்டா சாப்பிட்டார், தூங்கினார். "அந்த அருவிச் சத்தத்துல ஒண்ணும் ஓடலை" என்று திரும்பிவிட்டார்.

வீட்டு அம்மாளுக்கு இந்த அவஸ்தையெல்லாம் பழகிவிட்டது. "என்னங்க, எழுத்து வருதா? வரலேன்னா ரேஷன் கடைக்கு ஒரு நடை போயிட்டு வந்துடுங்களேன், இன்னிக்குப் பாமாயில் போடறாங்க."

போன கோடையில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரவில்லை. குடியிருப்போர் சங்கத்தில் புகார் மனு எழுதும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில், செயலாளரிடம் இரவல் வாங்கிய பால்பாயின்ட் பேனாவால், உட்கார்ந்த இடத்தில் எழுதிக் கொடுத்தார். வாங்கிப் படித்தேன். காலிக் குடங்களின் வரிசை, முதல் குடம் யாருடையது என்ற சண்டை, குடத்துக்குப் பதில் கல்லை வைத்து இடம்பிடித்த ஆயா, விடியற்காலை நாலு மணிக்கு லாரி வருவதாகப் புரளி கிளம்பித் தெருவே லுங்கியோடு ஓடியது... ஒரு வார்த்தை கூடுதல் கிடையாது. மனு போன மறுநாளே லாரி வந்தது.

"சார், இதுதான் சார் நாவல்!" என்றேன்.

"சேச்சே, இது வெறும் மனு" என்று புது நோட்டுக்கு அட்டை போடப் போய்விட்டார்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் பகுதியில் சாக்கடை அடைப்பு, எரியாத தெருவிளக்கு என்று எந்தக் குறை இருந்தாலும் அவரை அணுகுங்கள். அரை மணியில் அருமையாக எழுதித் தருவார். அதை இலக்கியம் என்று மட்டும் வாய்தவறியும் சொல்லிவிடாதீர்கள். அப்புறம் மனுவும் வராது.