கழுதை பார்த்த கடலை மிட்டாய்

மெல்போர்னில் பர்னெட் இன்ஸ்டிட்யூட் என்றொரு ஆராய்ச்சி நிலையம். அங்கே 70 டீஸ்பூன்களுக்கு ரகசியமாக நம்பர் போட்டு, ஆபீஸில் டீ குடிக்கும் அறைகளில் விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். ஐந்து மாதத்தில் 56 காணோம். பொது அறை ஸ்பூன்கள் இன்னும் சீக்கிரம் காலியாம். 2005-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலே இதைப் பிரசுரித்தது. இதற்கு எதற்கு மெல்போர்ன்? எங்கள் மாடிக்கு வந்திருந்தால் ஐந்து நாளில் முடித்துக் கொடுத்திருப்போம்.

கூடுவாஞ்சேரி, ஜி.எஸ்.டி. ரோடு, இரண்டாவது மாடி. கிளாம்பாக்கத்துக்கு பஸ் ஸ்டாண்ட் வந்துவிட்டதைச் சொல்லி ஓனர் வாடகையை ஏற்ற, ஆடிட்டர் ஆபீஸ், இன்சூரன்ஸ் ஏஜென்சி, டிசைன் பசங்க, டிடிபி மேசையோடு நான் என்று எல்லோரும் ஒரே ஃப்ளோரையும் ஒரே ஃப்ரிட்ஜையும் பங்கு போட்டுக்கொண்டோம். ஃப்ரிட்ஜில் பேர் எழுதி வைத்த தயிரும் சாயங்காலத்துக்குள் மாயம். யாருடையது என்று தெரிந்தால்தானே நிம்மதியாகச் சாப்பிட முடியும்!

ஆகவே ஆராய்ச்சியில் இறங்கினேன். கீழே டீக்கடை மாஸ்டரிடம் ஒரு டப்பா கடலை மிட்டாய் வாங்கி, ஃப்ரிட்ஜ் மேல் வைத்து, பக்கத்தில் காலி ஹார்லிக்ஸ் பாட்டில். ‘ஒன்று ஐந்து ரூபாய். காசை நீங்களே போடவும்.’ பாபநாசம் பஸ் ஸ்டாண்டில் காந்தி ஜெயந்தியன்று ரோட்டரிக்காரர்கள் ஆளில்லாக் கடை போடுவார்களே, அதே முறைதான். அங்கே ஒரு நாள் கூத்து, அதுவும் காந்தி பிறந்தநாள். இங்கே வாரத்துக்கு ஆறு நாள்.

மிட்டாய் தீர்ந்தது. பாட்டிலில் காற்று.

நியூகாசில் பல்கலைக்கழகத்தில் மெலிசா பேட்சன் குழுவினர் இதற்கு வைத்தியம் கண்டிருக்கிறார்கள். டீ, காபிக்குக் காசு போடும் பெட்டிக்கு மேலே ஒரு வாரம் பூப் படம், மறு வாரம் ஒரு ஜோடிக் கண் என்று மாற்றி மாற்றி ஒட்டினார்கள். கண் இருந்த வாரங்களில் வசூல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. 2006-இல் கட்டுரையும் வந்துவிட்டது. நமக்குக் கண் படத்துக்கா பஞ்சம்? மார்க்கெட்டில் ‘என்னைப் பார் யோகம் வரும்’ கழுதைப் படம் வாங்கி டப்பாவுக்கு மேல் மாட்டினேன்.

படத்தில் எழுதியிருந்தபடியே நடந்தது. பார்த்தவனுக்கெல்லாம் யோகம், ஓசி மிட்டாய்.

கழுதையை இறக்கிப் பிள்ளையாரை ஏற்றினேன். இன்னும் மோசம். ஆடிட்டர் ஆபீஸ் அக்கா பூ வைத்தார், ஏஜென்சி சார் கன்னத்தில் போட்டுக்கொண்டார், மிட்டாய் பிரசாதமாகிவிட்டது. பிரசாதத்துக்கு யார் காசு கொடுப்பார்கள்? பாட்டிலில் விழுந்த பதினொரு ரூபாய்கூட ஒரு கிளையன்ட்டின் ஜி.எஸ்.டி. நோட்டீஸுக்கான வேண்டுதல்.

விசாரித்தால் எல்லோரும் ஒரே குரலில், “சில்லறை இல்ல சார்.”

மாஸ்டர் இரக்கப்பட்டார். தன் க்யூஆர் அட்டை ஒன்றையும், சும்மா கிடந்த சவுண்ட் பாக்ஸையும் மேலே கொடுத்தனுப்பினார். இரண்டும் அவர் கணக்குதான் என்பதால், கீழே யார் டீக்குப் பணம் அனுப்பினாலும் மேலே பெட்டி கத்தியது. “பதினைந்து ரூபாய் பெறப்பட்டது.” ஐந்து நிமிஷம் கழித்து, “முப்பது ரூபாய் பெறப்பட்டது.” மாடியே திரும்பிப் பார்த்தது. யாருப்பா இவ்வளவு யோக்கியன்? ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் அளந்தார்கள். பதினோரு மணி டீ நேரத்தில் பெட்டி ஓயவே இல்லை. அத்தனை பேரும் ஒழுங்காகக் காசு கட்டுகிறார்கள், நாம் மட்டும்தான் பாக்கி என்று ஒவ்வொருவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். மத்தியானத்திலிருந்து போன்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. டிசைன் தம்பி மட்டும், தன் மேனேஜர் தண்ணீர் பிடிக்க வரும்வரை காத்திருந்து ஸ்கேன் செய்தான்.

கழுதையாலும் பிள்ளையாராலும் முடியாததை டீ விற்ற காசு முடித்தது. நியூகாசிலுக்கு எழுதலாம் என்று நினைத்தேன். எழுத வசூல் கணக்கு வேண்டுமே. மாஸ்டரிடம் போய், மேலேயிருந்து எவ்வளவு வந்தது, கீழே எவ்வளவு என்று பிரித்துக் கேட்டேன்.

“அதெல்லாம் எப்படி சார் பிரிக்கிறது? மொத்தமா ஏறிடுது” என்றார். “நீங்க எடுத்த டப்பாவுக்கு நூத்தம்பது ரூபா பாக்கி நிக்குது, அதை முதல்ல ஸ்கேன் பண்ணுங்க.”