சர்வர் ரேக்கில் இடைச்செருகல்கள்: ஒரு மூலபாட ஆய்வு

கோவையில் நூல் மில் ஒன்றின் சர்வர் அறையே இவ்வாய்வின் களம். நூல் மில்லில் நூலாராய்ச்சி நடத்துவதில் பொருத்தக்கேடு எதுவும் இல்லை என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

முதற்கண் யாப்பு. ரேக் 19 அங்குல அகலமும் 42 அடியும் உடையது. ஈண்டு அடி என்றது நீட்டலளவை அன்று. துறையோர் அதனை 'யு' என்பர். ஒரு யு 44.45 மி.மீ. ஒரு யு சர்வரை ஆத்திசூடி என்றும் இரண்டு யு சர்வரைக் குறள் என்றும் கொள்க. அடிக்கு மூன்று துளைகள். அவற்றின் இடைவெளி சமமாக இருக்கும் என்று நம்புவோர் புதியவர். 15.875, 15.875, 12.7 என்று வரும். ஓர் அடி முடிந்து மறு அடி தொடங்குவது நெருங்கிய இரு துளைகளுக்கு நடுவே. ஒரு துளை தவறினாலும் தளை தட்டும். இருபது கிலோ சர்வரைக் கையில் தாங்கியபடி இதை அறிந்துகொள்வது மரபு. சதுரத் துளைக்குள் கேஜ் நட்டைப் பொருத்துகையில் அது துள்ளி நகக்கண்ணைப் பதம் பார்ப்பதும் மரபே.

அடுத்து, குற்றமும் அழகும். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களுள் கூறியது கூறல் ஒன்று. சர்வரிலோ அதுவே அழகு: ஒன்று போனால் மற்றொன்று தாங்கட்டும் என்று இரண்டு பவர் சப்ளை வைத்திருக்கிறார்கள். நம் மில்லில் இரண்டு ஒயரும் ஒரே யுபிஎஸ்ஸில் செருகப்பட்டிருந்தன. அழகு மீண்டும் குற்றமானது இவ்வாறே.

சிதைந்த பாடத்தை மீட்பதில் சர்வர் நம் பதிப்பாசிரியர்களுக்குச் சளைத்ததன்று. செல்லரித்த ஏட்டில் ஒரு சீர் காணாமற்போனால் எதுகையையும் தளையையும் கொண்டு ஊகிப்பார்கள் அல்லவா? ரெய்டு 5 செய்வதும் ஏறக்குறைய அதுதான். மூன்று டிஸ்கோ அதற்கு மேலோ இருக்க, எழுத்துகளோடு அவற்றின் எதுகையையும் பிரித்துப் பிரித்து எழுதி வைக்கும். ஒரு டிஸ்க் செத்தால் மிச்சத்திலிருந்து கணக்கிட்டுவிடும். ஊகம்கூட இல்லை, துல்லியம். இரண்டு செத்தால் உ.வே.சா.வே வந்தாலும் ஆகாது. எனவே மஞ்சள் விளக்கு எரியும் டிஸ்க்கை அன்றே மாற்றுக. "பச்சை நாலு எரியுதே சார்" என்பது பாடம் ஆகாது. ஒன்றாக வாங்கிய டிஸ்க்குகள் ஒன்றாகவே மூப்படையும். புது டிஸ்க்கில் பாடத்தை நிரப்ப மற்றவை இரவெல்லாம் உழைக்கும்போதுதான் அடுத்த கிழம் சாயப் பார்க்கும். ரெய்டு இருக்கிறதே என்று பேக்கப் எடுக்காதவரைப் பற்றி எழுத இடமில்லை.

செல்லுக்கு இணையான பகை இங்கே பஞ்சு. விசிறி முன்பக்கம் குளிர்காற்றை இழுத்துப் பின்பக்கம் சூட்டைத் தள்ளும். மில்லில் அது பஞ்சையும் சேர்த்து இழுக்கும். ஆறு மாதம் விட்டால் உள்ளே ஒரு தலையணைக்குப் போதும். சர்வரை அணைத்துவிட்டு, விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு ப்ளோயர் அடிக்க வேண்டும்.

இனி மையப் பொருள். ரேக்கின் பின்புறம் பாடபேதங்களின் காடு. 'மெயில்' என்று லேபிள் ஒட்டிய கேபிள் கேட் கேமராவுக்குப் போகிறது. ஒரு லேபிளின் மேல் மறு லேபிள், இரண்டும் பொய். எழுதியவர்கள் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். இவற்றுள் 31ஆம் அடியிலிருந்து கிளம்பிய நீலக் கேபிள் இடைச்செருகல் என்றே எனக்குப் பட்டது: நடை வேறு, நிறம் வேறு, லேபிளும் இல்லை. இத்தகையவற்றுக்குத் துறையில் ஒரே சோதனைதான் உண்டு. பிடுங்கிவிட்டு யார் கத்துகிறார்கள் என்று காத்திருப்பது.

பிடுங்கினேன். பத்தொன்பது நாள் ஒருவரும் கத்தவில்லை. இருபதாம் நாள் மாதக்கடைசி. கணக்குப் பிரிவிலிருந்து அக்கா ஒருவர் மாடி இறங்கியே வந்துவிட்டார். "தம்பி, சம்பள சாஃப்ட்வேர் தொறக்க மாட்டேங்குதுங்க. என்ன பண்ணுனீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலீங்க்கா" என்றேன். துறையின் தொன்மையான சூத்திரம் இது.

கேபிளின் மறுமுனையைத் தேடிச் சுவரோரம் தவழ்ந்தபோது, அங்கே மாஸ்கிங் டேப்பில் ஒரு லேபிள் இருந்தது. 'தற்காலிகம்.' கையெழுத்து என்னுடையது. ஆகவே மேற்படி கேபிள் இடைச்செருகல் அன்று, மூலபாடமே என்று இதனால் நிறுவப்படுகிறது.